கல்யாண கேசட்டும் 600 கணக்கும்



1985-லிருந்து 2000-க்குள் கல்யாணம் நடந்த வீடுகளில் பீரோவைத் திறந்து பாருங்கள். பட்டுப்புடவைகளுக்கு அடியிலோ, ஜாதகக் கட்டுக்குப் பக்கத்திலோ ஒரு கறுப்பு வீடியோ கேசட் கட்டாயம் இருக்கும். உங்களுடையதாக இல்லாவிட்டால் உங்கள் அம்மாவுடையதாக இருக்கும். போட்டுப் பார்க்க மிஷின் கிடையாது; தூக்கி எறியவும் மனசு வராது. பலர் அதை ஸ்டூடியோவில் கொடுத்து டி.வி.டி.யாக மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் போட்டுப் பார்த்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, முகம் தெரியவில்லை என்று குறைப்படுகிறார்கள். கேசட் பழசு, அதனால்தான் இப்படி என்று ஸ்டூடியோக்காரர் சொல்லிவிடுவார். நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம்.

பாதி சமயம் குற்றம் கேசட்டில் இல்லை, மாற்றிய முறையில்தான் இருக்கிறது. அதைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். இது என்ன, ஆண்பிள்ளைகள் விஷயமாயிற்றே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பால் கணக்கு போடத் தெரிந்த எவருக்கும் இது வரும்.

எங்கள் விக்கிரவாண்டி ஜி.எஸ்.டி. சாலையில், கும்பகோணம் சாலை பிரிகிற இடத்தில் இருக்கிற ஊர். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு 1994-ல் கல்யாணம் நடந்தது. ஐந்து வருஷத்துக்குள் அவள் தாயார் தவறிவிட்டார். போட்டோ என்று பார்த்தால் ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒன்றும், குடும்பத்தோடு நின்று எடுத்த ஒன்றும்தான். தாயார் நடந்து, சிரித்து, பேசுவது அந்தக் கல்யாண கேசட்டில் மட்டுமே. 2009-ல் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து டி.வி.டி.யாக மாற்றினாள். அப்போது வீட்டில் இருந்தது அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல டி.வி. குறை ஒன்றும் தெரியவில்லை. போன வருஷம் 43 அங்குல டி.வி. வாங்கிப் போட்டுப் பார்த்தவள் நேரே என்னிடம் வந்துவிட்டாள்.

“அக்கா, எங்கம்மா வர்ற எடத்துல எல்லாம் மூஞ்சி கட்டம் கட்டமா ஒடைஞ்சு போவுதுக்கா. தாலி கட்டற நேரத்துல யாரு எவருன்னே தெரியல. எம் பொண்ணு ‘ஆயா எதும்மா’ன்னு கேக்குறா. நான் எதக் காட்டறது?”

“எத்தினி கேசட்டு? எத்தினி டிஸ்க்கு போட்டுக் குடுத்தாங்க?” என்று கேட்டேன்.

“கேசட்டு ரெண்டுக்கா. டிஸ்க்கு ஒண்ணுதான்.”

விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது.

ஒரு சேர் பாலும் ஆறு பேரும்

சாதாரண டி.வி.டி. டிஸ்க்கில் 4.7 ஜி.பி. பிடிக்கும். அதாவது 470 கோடி பைட். கம்ப்யூட்டரில் இதையே 4.38 என்று காட்டும்; கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான். இந்தக் கொள்ளளவு கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அதில் ஒரு மணி நேரப் படம் போட்டால் ஒவ்வொரு விநாடிக்கும் தாராளமாக இடம் கிடைக்கும். ஆறு மணி நேரம் போட்டால் அதே இடத்தை ஆறாகப் பங்கு போட வேண்டும். ஒரு சேர் பாலில் இரண்டு பேருக்குக் காபி போட்டால் கெட்டியாக இருக்கும். ஆறு பேருக்குப் போட்டால் தண்ணீர்தான். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ‘ஐந்து படம் ஒரே டிஸ்க்கில்’ என்று விற்றார்களே, அதில் சண்டைக் காட்சி எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

ஒரு விநாடிப் படத்துக்குக் கிடைக்கிற இந்த இடத்தைத்தான் ‘பிட் ரேட்’ என்கிறார்கள். மெகாபிட் கணக்கில் சொல்வார்கள். இதற்கு என் நாத்தனார் மகன் சுலபமான கணக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தான். வீடியோ எடிட்டிங்கே அவனுக்குத் தொழில். 600-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். படம் எத்தனை நிமிஷமோ, அதால் வகுங்கள். வருகிற எண்தான் விநாடிக்குக் கிடைக்கும் மெகாபிட்.

90 நிமிஷம் என்றால் ஆறரைக்குக் கொஞ்சம் மேலே. 120 நிமிஷம் என்றால் 5. மூன்று மணி நேரம், அதாவது 180 நிமிஷம் என்றால் 3.3. இதில் சத்தத்துக்கு 0.2 கழித்துவிட்டு மீதியைப் படத்துக்கு வைக்க வேண்டும். 60 நிமிஷத்துக்கு வகுத்தால் 10 வரும். அவ்வளவு வைக்க முடியாது. படத்துக்கு 9.8-க்கு மேல் டி.வி.டி. ஏற்காது. நாமே எழுதுகிற டிஸ்க்கில் 8-க்கு மேல் போனால் பழைய ப்ளேயர்கள் திக்கித் திணறும். ஆகவே எவ்வளவு சின்னப் படமானாலும் 8-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பெண்ணின் டிஸ்க்கைக் கணக்குப் போடுங்கள். கேசட் ஒன்று மூன்று மணி நேரம். இரண்டு கேசட் ஆறு மணி, அதாவது 360 நிமிஷம். 600-ஐ 360-ஆல் வகுத்தால் ஒன்றேமுக்கால்கூட வரவில்லை. தண்ணீர் காபிதான்!

அட்சதை விழுகிற நேரம்

சரி, படம் முழுக்க ஒரே மாதிரி மோசமாக இருக்காமல் தாலி கட்டும்போது மட்டும் ஏன் உடைகிறது? இதற்கும் காரணம் உண்டு.

டி.வி.டி.யில் விநாடிக்கு 25 படம் ஓடுகிறது. எல்லாவற்றையும் முழுசாக எழுதினால் இடம் போதாது. ஆகவே ஒரு படத்தை முழுசாக எழுதிவிட்டு, அடுத்த அரை விநாடிக்கு ‘முந்தின படத்திலிருந்து என்ன மாறியது’ என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். எம்பெக்-2 என்று இந்த முறைக்குப் பெயர். மாமா நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் குறிப்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் முகூர்த்த நேரத்தில்? அட்சதை மழையாக விழுகிறது, ஹோமப்புகை சுழல்கிறது, காமிரா ப்ளாஷ் பளீரென்று அடிக்கிறது, நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. இடமோ கொஞ்சம். வேறு வழியில்லாமல் முகங்களைக் கட்டம் கட்டமாகப் பூசிவிடுகிறது. எந்த நிமிஷத்துக்காகக் கேசட்டை வைத்துக் காப்பாற்றினோமோ, அந்த நிமிஷம்தான் முதலில் கெடுகிறது.

இதற்கு ஒரு மருந்து உண்டு. ‘டூ பாஸ், வேரியபிள்’ என்று ஒரு வசதி எல்லா நல்ல மென்பொருளிலும் இருக்கும். முதல் தடவை படம் முழுவதையும் ஓட்டிப் பார்த்து எங்கே அசைவு அதிகம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் தடவைதான் எழுதும். பந்திக்கு எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு இலை போடுவது போலத்தான். மாமா உட்கார்ந்திருக்கும் இடத்தில் மிச்சம் பிடித்து, அட்சதை விழும் இடத்தில் தாராளமாகச் செலவழிக்கும். நேரம் இரட்டிப்பாகும், ஆனால் பலன் கண்கூடு. ஸ்டூடியோவில் கொடுக்கும்போது ‘டூ பாஸ் போடுங்க’ என்று சொல்லிவிடுங்கள். இந்த அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று அவரும் கவனமாகச் செய்வார்.

கேட்டு வாங்க வேண்டியவை

முதலாவது: டி.வி.டி.யிலிருந்து டி.வி.டி. எடுக்காதீர்கள். ஒரு தடவை சுருக்கியதை மறுபடி சுருக்கினால், ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதைதான். அசல் கேசட்டைத் தேடி எடுங்கள். கேசட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இடத்துக்குக் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். மணிக்கு 13 ஜி.பி. ஆகிற முறையில் ஏற்றி வைத்துக்கொண்டால் எடிட் செய்யத் தோதாக இருக்கும். சுருக்குவது கடைசியில், ஒரே ஒரு தடவை.

இரண்டாவது: அளவு. நம் நாட்டு டி.வி. முறை பால். டி.வி.டி.க்கு அகலம் 720, உயரம் 576, விநாடிக்கு 25 படம். இதை மாற்றக் கூடாது. ‘எச்.டி.யா மாத்தித் தரேன்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வி.எச்.எஸ். நாடாவில் குறுக்குவாட்டில் சுமார் 240 கோடுகள் அளவுக்குத்தான் நுணுக்கம் பதிவாகும். அதில் இல்லாததை டி.வி.டி. உண்டாக்காது. இன்னொரு சூட்சுமம்: படம் நீளமாக இருந்து, டிஸ்க் ஒன்றுதான் என்றால் அகலத்தை 352 ஆக வைக்கச் சொல்லலாம். டி.வி.டி. விதிகளில் அதற்கும் இடமுண்டு. பழைய கேசட்டுக்கு அதனால் பெரிய நஷ்டம் வராது. கட்டமாக உடைவதும் குறையும்.

மூன்றாவது: வரிசை. பழைய டி.வி. படம் ஒன்றைப் பாதிப் பாதியாக, ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் ஒரு தடவை என்று காட்டும். எந்தப் பாதி முதலில் என்பது ஏற்றும்போது ஒரு விதமாகவும், எழுதும்போது வேறு விதமாகவும் இருந்துவிட்டால் அசைகிற எல்லாம் முன்னும் பின்னும் துடிக்கும். மணப்பெண் நடந்து வருவாள், ஆனால் நடுங்கிக்கொண்டு வருவாள்! ‘பீல்டு ஆர்டர் சரியா பாருங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கம்ப்யூட்டர் திரையில் மட்டும் சீப்புப் பற்கள் மாதிரிக் கோடு தெரிந்தால் கவலைப்படாதீர்கள். டி.வி.யில் அது தெரியாது.

நான்காவது: வடிவம். பழைய கேசட் நாலுக்கு மூன்று. இப்போதைய டி.வி. பதினாறுக்கு ஒன்பது. திரை நிறைய வேண்டும் என்று இழுத்தால் மாப்பிள்ளை பூசணிக்காய் மாதிரி ஆகிவிடுவார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும். முகம் முகமாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது: சத்தம். ‘பி.சி.எம்.’ என்று வைத்தால் அது மட்டுமே விநாடிக்கு ஒன்றரை மெகாபிட் தின்றுவிடும். ‘ஏசி-3’ என்று வைத்து 192 கிலோபிட் கொடுத்தால் நாகஸ்வரம், கெட்டிமேளம் எல்லாம் நன்றாகவே கேட்கும். மிச்சமான இடம் படத்துக்குச் சேரும்.

ஆறாவது: மினுக்கல். பழைய நாடாவில் மண் பறப்பது போல ஒரு மினுக்கல் இருக்கும். அதையும் அசைவு என்று நினைத்து மென்பொருள் இடத்தை வீணாக்கும். எழுதும் முன் லேசாக அதை அடக்கினால் நல்லது. லேசாக என்றுதான் சொல்கிறேன். அதிகமாகப் போனால் முகம் மெழுகு பொம்மை போல ஆகிவிடும். தாமரைப்பூ விரிந்து அதற்குள் மணப்பெண் முகம், சுற்றிப் பறக்கும் இதயங்கள் என்று மிக்சிங் செய்வார்களே, அதுவும் இடத்தைத் தின்கிற வேலைதான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, டிஸ்க் எழுதும் வேகம். பெட்டியில் 16 என்று போட்டிருந்தாலும் 4-லோ 8-லோ எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் ‘வெரிபை’ செய்யச் சொல்லுங்கள். மொத்தமும் எழுதுவதற்கு முன், முகூர்த்தத்தில் ஐந்து நிமிஷம் மட்டும் அழித்து எழுதக்கூடிய டிஸ்க்கில் போட்டு, வீட்டு டி.வி.யில் பார்த்துவிடுங்கள். பதம் பார்க்காமல் யாராவது சோறு வடிப்பார்களா?

எங்கள் தெருப் பெண்ணுக்கு என்ன செய்தோம் என்கிறீர்களா? கேசட் இரண்டும் அவள் வீட்டுப் பரணில் இருந்தன. தாலி கட்டுவதை ஒட்டிய 80 நிமிஷத்தைத் தனியாக ஒரு டிஸ்க்கில் ஏழேகால் மெகாபிட்டில் போட்டான் பையன். நலங்கு, வரவேற்பு, மற்றதெல்லாம் 140 நிமிஷம் வீதம் இரண்டு டிஸ்க், அகலம் 352-ல். படம் புதுசு மாதிரி ஆகிவிடவில்லை. நிறம் மங்கல்தான், ஓரம் கூர்மையில்லை. ஆனால் தாயார் மடியில் வைத்த தாம்பாளத்திலிருந்து அட்சதையை அள்ளுவதும், போடுவதற்கு முன் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் தெரிந்தது. பழைய டிஸ்க்கில் அந்த இடம் வெறும் கட்டங்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகத் தாயாரை நினைத்துக்கொண்டிருந்தவளுக்கே, அம்மா அன்றைக்கு அழுதாள் என்பது அப்போதுதான் தெரியும்.

மழையும் பூஞ்சையும்

2024 நவம்பர் 30-ல் கரையைக் கடந்த பெஞ்சல் புயலை நம் பக்கத்து ஜனங்கள் மறக்க முடியாது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி, டிசம்பர் 2-ம் தேதி ரயில்களையே நிறுத்தினார்கள். எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அதில் நனைந்த கேசட்டோ, ஈரச் சுவர் பீரோவில் இருந்த கேசட்டோ உங்களிடம் இருந்தால் ஜாக்கிரதை.

கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடியோ படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே மிஷினில் போட்டால் நாடாவும் கெடும், மிஷினின் ஹெட்டும் கெடும். அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் காயவைக்காதீர்கள், அடுப்புப் பக்கமும் வைக்காதீர்கள், நாடா சுருங்கிவிடும். நிழலில் வைத்து, கேசட்டைத் திறந்து சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

உடம்புக்கும் இது ஆகாது. பூஞ்சைப் பொடி மூக்கில் ஏறினால் தும்மல், இருமல் வரும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இழுப்பு வந்துவிடும். கைக்குழந்தை இருக்கிற அறையில் பழைய கேசட் பெட்டியை உதறவே வேண்டாம். மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு, வெளித் திண்ணையில் வைத்துத் துடையுங்கள். பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நன்றாக இருக்கிற கேசட்டை, முழுக்க ஒரு பக்கமாகச் சுற்றி, புத்தகம் போல நிற்க வைத்து வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். அதன் காந்தம் நாடாவுக்கு எமன்.

இளம் தாய்மார்களுக்கு

‘எங்களுக்கு ஏது கேசட்? எல்லாம் போனில்தானே’ என்கிறீர்களா? உங்களுக்கும் இரண்டு வார்த்தை. ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு, குழந்தை நடை பழகுவதை டி.வி.டி.யில் போட்டு அனுப்ப ஆசைப்படுவீர்கள். அப்போது வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை எடுக்காதீர்கள். அனுப்பும்போதே அது சுருக்கிவிடுகிறது. போனில் உள்ள அசலைக் கேபிள் போட்டு எடுங்கள். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். போனைப் படுக்கவைத்து எடுங்கள். நிமிர்த்தி எடுத்த படம் டி.வி. நடுவில் ஒரு பட்டையாகத்தான் நிற்கும். போன் விநாடிக்கு 30 படம் எடுக்கும், டி.வி.டி. 25 கேட்கும், அதனால் ஓட்டம் சற்றுத் தத்தும். போனில் 25 என்று வைக்க வசதி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஆசையென்றால் ‘டிவிடி ஸ்டைலர்’ என்று இலவச மென்பொருள் இருக்கிறது. புது லேப்டாப்புகளில் டிஸ்க் போடும் இடமே இருப்பதில்லை. வெளியே மாட்டுகிற ரைட்டர் ஒன்று வேண்டும்.

டிஸ்க்கை மட்டும் நம்பாதீர்கள். வெயில் பட்டாலும், கீறல் விழுந்தாலும், வருஷம் ஆனாலும் அதுவும் போய்விடும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைத் தங்கை வீட்டில் கொடுத்து வையுங்கள். எடிட் செய்த முழு பைலையும் ஹார்டு டிஸ்க்கில் போட்டுத் தரும்படி ஸ்டூடியோவில் கேளுங்கள். டி.வி.டி. இன்றைக்குப் பார்க்க, அந்தப் பைல் நாளைக்கு வேறு எதில் மாற்றுவதற்கும்.

இதையெல்லாம் ஆடி போகட்டும், தை வரட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனம் ஃபுனாய். அதுவும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இருக்கிற மிஷின்கள் பழுதானால் உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம்.

இன்னொன்றும் இருக்கிறது. டிஸ்க் தயாரானதும் வீட்டில் பெரியவர்களை உட்கார வைத்துப் போடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். ‘சிவப்புப் புடவை யாரு அத்தை? பந்தல் காலைப் பிடிச்சிட்டு நிக்கறவரு யாரு மாமா?’ என்று கேட்டு, எத்தனையாவது நிமிஷம், யார், என்ன உறவு என்று எழுதி, அந்தக் காகிதத்தை டிஸ்க் உறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். படத்தைத் தெளிவாக்க மிஷின் உண்டு. அந்த முகத்துக்குப் பெயர் சொல்ல அவர்களைத் தவிர யாரும் கிடையாது.